திரையில் எழுத்தைத் திருத்துதல்

தாளில் எழுதுவோர் ஒரு சொல்லை மாற்ற விரும்பின், அதன்மேல் ஒரு கோடு இழுத்து, மேலே வேறொரு சொல்லை எழுதுவர். அடிக்கப்பட்ட சொல் கோட்டின்கீழ்க் கிடந்து கண்ணுக்குப் புலப்படும். பழைய சொல்லே நன்று என்று பின்னர்த் தோன்றினால், அதனை மீண்டும் ஏற்றுக்கொள்ளலாம். கணிப்பொறியின் திரையிலோ நீக்கிய சொல் சுவடின்றி மறைந்துவிடும். ஆதலின் எப்பகுதியை நீக்குவது, எப்பகுதியை மாற்றுவது என்பதை எழுதுவோர் முன்னதாகவே கருவிக்குக் காட்டுதல் வேண்டும். இவ்வாறு காட்டுதல் தெரிவு எனப்படும். தெரிவு செய்த பகுதி வேறு நிறம் பெற்றுத் திரையில் விளங்கும்.

அவ்வாறு விளங்கும்போது ஒருவர் ஓர் எழுத்தைத் தட்டினால் என்ன நிகழ வேண்டும்? தெரிவு செய்த பகுதி மறைந்து, அவ்விடத்தில் புதிய எழுத்துத் தோன்றவேண்டுமா? அன்றி, பழைய பகுதி அப்படியே நிற்க, அதன் அருகில் புதிய எழுத்து வந்து சேரவேண்டுமா? கேட்பதற்கு இது மிகச் சிறிய வினா. ஆயினும் உரை திருத்தும் கருவிகளை ஆக்கியோர் இதுபற்றிப் பல்லாண்டுகள் வாதிட்டனர். கருவியைப் பெறுவோருள் பெரும்பாலோர் அதன் அமைப்புகளை மாற்றுவதில்லை, வந்தவாறே பயன்படுத்துவர். எனவே முதலில் வைத்த அமைப்பே பலருடைய கைப்பழக்கமாகிவிடுகிறது.

கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்னும் ஊரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கு பட்லர் லாம்சன், சார்லஸ் சிமோனி ஆகியோர் 1974-ஆம் ஆண்டில் 'பிராவோ' என்னும் உரை திருத்தியை உருவாக்கினர். அது திறமை வாய்ந்த கருவியே. ஆனால் அதற்கு இரண்டு நிலைகள் இருந்தன. ஒரு நிலையில் தட்டும் எழுத்து எழுத்தாகவே திரையில் விழும். மற்றொரு நிலையில் அதே எழுத்து ஒரு கட்டளையாகிவிடும். எந்நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்தவர் பட்ட பாடு கொஞ்சமன்று. ஒருவர் ஆங்கிலத்தில் 'எடிட்' என்னும் சொல்லைத் தட்டினாராம். கருவி அப்போது கட்டளை நிலையில் இருந்தது. முதலெழுத்து 'அனைத்தையும் தெரிவு செய்க' என்றும், இரண்டாவது 'நீக்குக' என்றும், மூன்றாவது 'புதிதாகச் சேர்க்க' என்றும் கொள்ளப்பட்டன. எழுதிவைத்த ஆவணம் முழுவதும் போய், நான்காவது எழுத்து மட்டும் திரையில் தனித்து நின்றது! கடைசிச் செயல் ஒன்றையே மீட்கலாம் என்பது அக்கருவியின் விதி. ஆகவே அந்த ஓரெழுத்தை நீக்க இயன்றதே ஒழிய, இழந்த ஆவணத்தை மீட்க இயலவில்லை.

லாரி டெஸ்லர் என்பவர் 1973-இல் அவ்வாய்வுக்கூடத்திற் சேர்ந்தவர். நிலை மாறும் கருவிகளை அவர் கடுமையாக எதிர்த்தார். 'நிலைகள் வேண்டா' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தம் மோட்டார் வண்டியின் எண் பலகையிலும் பொறித்துக்கொண்டார் எனின் அவர் கொண்ட பிடிவாதம் விளங்கும். அவரும் டிம் மாட் என்பவரும், பாடநூல் வெளியிடும் நிறுவனம் ஒன்றின் பதிப்பாசிரியர்களுக்காக 'ஜிப்சி' என்னும் திருத்தியை அமைத்தனர். அதில் எழுத்து விசை எப்போதும் எழுத்தையே தரும். சுட்டியை அழுத்தி இழுத்தால் ஒரு பகுதி தெரிவாகும். அதனை வெட்டலாம், வேறிடத்தில் ஒட்டலாம். கத்தரிக்கோலும் பசையும் கொண்டு தாளைத் திருத்தி வந்தோர்க்கு இம்முறை எளிதில் கைவந்தது.

1984-இல் வெளிவந்த மாக்கின்டோஷ் கணிப்பொறியில், தெரிவு செய்து தட்டினால் பழையது மறைந்து புதியது வரும் என்பது பொதுவிதியாயிற்று. பின்வந்த கருவிகளும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டியவர் அதனை மாற்றவே விரும்புகிறார் என்பது இவ்விதியின் அடிப்படை. இது பெரும்பாலும் உண்மையே.

ஆயினும் 'ஈமாக்ஸ்' என்னும் திருத்தியைப் பயன்படுத்துவோர் இதனை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அத்திருத்தி 1976-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. அதில் எழுதுவோர் ஓரிடத்தில் ஒரு குறியை நாட்டிவிட்டு வேறிடத்திற்குச் செல்வர். குறிக்கும் தாம் நிற்கும் இடத்திற்கும் இடைப்பட்டதே தெரிவு செய்த பகுதி. அக்குறி வேறொரு பணியும் செய்யும். நெடிய ஆவணத்தில் ஓரிடத்தை நினைவில் வைத்து, மீண்டும் அங்கே திரும்புவதற்கும் அது பயன்படும். திரும்பி வருவதற்காகக் குறி நாட்டியவர் நூறு வரி கடந்து சென்று ஓரெழுத்தைத் தட்டினால், அந்த நூறு வரியும் மறைய வேண்டுமா? இதுவே அவர்கள் எழுப்பிய தடை. மீட்கும் கட்டளை உண்டே என்பர் மறுதரப்பார். உண்டுதான், ஆனால் இழப்பைக் கண்டவர்க்கே அது உதவும். வேறு பக்கத்தில் கண்ணை வைத்துத் தட்டுபவர் இழப்பை அறியாமலே மேற்செல்லுதல் கூடும்.

புதியவர் தரப்பிலும் வலிவு உண்டு. பிற கருவிகளிற் பழகி வந்தவர் ஒரு சொல்லைத் தெரிந்து வேறு சொல்லைத் தட்ட, இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு கருவி பழுதென்றே எண்ணுவர்.

'எக்ஸ்' என்னும் சாளர முறைமையில் வேறொரு சிக்கல் இருந்தது. அங்கு ஒரு பகுதியைச் சுட்டியால் தெரிவு செய்த அளவிலேயே, அது எடுத்து வைக்கப்பட்டதாகிவிடும். நடுப்பொத்தானை அழுத்தினால் வேண்டிய இடத்தில் வந்து விழும். விரைவான முறைதான். ஆனால் எடுத்து வைத்த சொல்லை வேறொரு சொல்லுக்கு மாற்றாக இட விரும்புவோர், நீக்கவேண்டிய சொல்லைத் தெரிவு செய்தவுடன், முன்பு எடுத்தது போய், நீக்கவேண்டியதே கையில் வந்து நிற்கும்! இதனாலேயே தனியாக நகலெடுத்து வைக்கும் இடமும் அம்முறைமையில் பயன்படுத்தப்படுகிறது.

2009-இல் ஈமாக்ஸின் 23-ஆம் பதிப்பு வெளிவந்தபோது, வழக்கு ஒரு பாதி தீர்ந்தது. தெரிவு செய்த பகுதி நிறம் பெற்றுத் தோன்றுதல் இயல்பான அமைப்பாயிற்று. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு அம்பு விசைகளால் தெரிவு செய்யும் வழக்கமும் ஏற்கப்பட்டது. தட்டும் எழுத்துப் பழையதை நீக்குதல் மட்டும் இயல்பாக வைக்கப்படவில்லை. வேண்டுவோர் அதனைத் தாமே இயக்கிக்கொள்ளுமாறு விடப்பட்டது. 2012-இல் வந்த 24-ஆம் பதிப்பு மேலும் ஓரடி முன்சென்றது. நீக்கும் விசையை அழுத்தினால் தெரிவு செய்த பகுதி முழுவதும் நீங்கும் என்று அதில் வகுத்தனர். நீக்கும் விசையைத் தொடுபவர் நீக்கவே கருதுகிறார் என்பதில் ஐயமில்லையன்றோ? எழுத்து விசைக்கு அவ்வுரிமையை அப்பதிப்பிலும் அவர்கள் தரவில்லை.