தோட்டத்து வீட்டுத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்திலும், 2025-ல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, சங்ககிரி, தேவூர், எடப்பாடிப் பக்கம் தனிவீட்டில் இருப்பவர்கள் பீரோவுக்குள் கிடந்த தாத்தா காலத்துத் துப்பாக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்கள். உரிமம் உயிரோடு இருந்தால் துடைப்பதில் தவறில்லை. அடுத்து செய்வதுதான் தவறு. நேராகச் சேலத்துக்குப் போய், "இருக்கறதுலயே பெருசா ஒரு டப்பா குடுங்க" என்று கேட்கிறார்கள். தோட்டாவை முதலில் முடிவுசெய்வது அந்தத் துப்பாக்கியின் குழல். அடுத்தது உங்கள் வீட்டுச் சுவர். வரப்போகிற திருடன் எவ்வளவு பெரிய ஆள் என்பதெல்லாம் கணக்கிலேயே வராது.

உரிமத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கியைத் தற்காப்புக்கு வைத்துக்கொள்ள உரிமம் கேட்க வழி தருகிறது. நமக்கு விண்ணப்பம் போகும் இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். காவல் துறை அறிக்கை வந்தால்தான் கோப்பு நகரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. உரிமத்தில் யுஐஎன் என்ற தனி அடையாள எண் இல்லையென்றால் அது செல்லாது. அப்பா இறந்துபோய் உரிமம் இன்னும் அவர் பேரிலேயே இருந்தால், துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டு உங்கள் பேருக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை தோட்டா பற்றிய பேச்சே வேண்டாம். எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை கையில் வைத்திருக்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும்.

இனி, எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் 12 போர் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல். "12 போர் துப்பாக்கி, 12 போர் தோட்டா, அவ்வளவுதானே" என்று நினைக்கிறார்கள். இல்லை. தோட்டா உட்காருகிற அறைக்கும் ஒரு நீளம் உண்டு. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். இன்று கடையில் அதிகம் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா.

"போட்டுப் பாத்தனுங்க, சுளுவா உள்ள போயிருச்சு, மூடவும் மூடுது" என்பார்கள். போகத்தான் செய்யும், வம்பே அங்கேதான் இருக்கிறது. 70 என்பது சுட்டு முடித்த தோட்டாவின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் உள்பக்கமாக மடித்து அடைக்கப்பட்டிருப்பதால், அது 60 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே 65 அறைக்குள் ஒரு முனகலும் இல்லாமல் நுழையும். விசையை இழுத்ததும் அந்த மடிப்பு முன்னால் விரிகிறது. விரிய இடமில்லை. அறை முடிந்து குழல் ஒடுங்குகிற இடத்தில் போய் நெருக்குகிறது. ரவையும் அடைப்பும் அந்த நெருக்கலைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்னால் அழுத்தம் ஏறுகிறது. ஒருமுறை தாங்கலாம், பத்து முறையும் தாங்கலாம். என்றைக்குத் தாங்காதோ அன்றைக்கு உங்கள் இடது கை அந்தக் குழலுக்கு அடியில்தான் இருக்கும்.

எப்படிப் பார்ப்பது? துப்பாக்கியை மடித்து, அறை காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதிசெய்யுங்கள். முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியே வந்துவிடும். குழலின் பின்முனையில், அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்குக்குக் கீழே சின்னச் சின்ன முத்திரைகள் தெரியும். சாய்சதுரத்துக்குள் 12 இருந்தால் அது போர். பக்கத்தில் 2½ அல்லது 65 என்றிருந்தால் 65 தோட்டா மட்டும்தான். 2¾ அல்லது 70 என்றிருந்தால் கடைத் தோட்டா போகலாம். நீளமே குறிக்காத பழைய துப்பாக்கியை 65 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி வார்த்தையை உரிமம் பெற்ற துப்பாக்கி மிஸ்திரியிடம் விடுங்கள். அவரிடம் அறையை அளக்க கேஜ் இருக்கும். செலவு ஒரு டப்பா தோட்டா விலைகூட ஆகாது.

அப்படியே குழலின் வெளிப்புறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி வரிவரியாகத் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சேர்த்துச் செய்தது. கரிமருந்துக் காலத்துச் சரக்கு. அதில் இன்றைய தோட்டாவைப் போடவே போடாதீர்கள். மிஸ்திரியே தலையாட்டினாலும் நான் போடமாட்டேன்.

போரைப் பற்றி ஒரு வரி: வீட்டில் 12, 20 இரண்டும் இருந்தால் தோட்டாக்களை ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் அறையில் நிற்காமல் முன்னால் நழுவிக் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அறை காலி என்று நினைத்துப் பின்னால் ஒரு 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால்தான் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்தார்கள்.

அடுத்து ரவையின் எண். நம் நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது புனேவை அடுத்த கட்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டா. டப்பாவில் எல்ஜி, எஸ்ஜி, பிபி, 1, 4, 6, 8 என்று இருக்கும். எல்ஜி பெரிய ரவை. பழைய இங்கிலீஷ் கணக்குப்படி ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு ஆறே ஆறு. எஸ்ஜி எட்டு. பிபி எழுபது. 4-ஆம் எண் 170, 6-ஆம் எண் 270. எண் ஏற ஏற ரவை சிறுக்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, "8 பெருசுதானுங்களே" என்று வாங்கிவந்தவர்கள் உண்டு.

எல்லோரும் கேட்பது எல்ஜி. தோட்டத்து வீட்டுக்கு எல்ஜி வேண்டாம் என்பது என் விதி. ஆசாரத்திலிருந்து வாசல் நடைவரை எத்தனை அடி? பதினைந்து, மிஞ்சினால் இருபது. அந்தத் தூரத்தில் எந்த ரவையும் பெரிதாகச் சிதறுவதில்லை. ஒரு கஜத்துக்கு ஒரு அங்குலம் விரியும் என்பது பொதுக்கணக்கு; அப்படியானால் இருபது அடியில் சுமார் ஏழு அங்குலம்தான். ஆக, "சுட்டால் அறை முழுக்கப் பரவும், குறி வேண்டாம்" என்பது சினிமா. குறி வேண்டும். அந்தத் தூரத்தில் பிபியும் கட்டியாகத்தான் போய்ப் படும்.

வித்தியாசம் குறி தவறினால்தான் தெரியும். ரவையின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து 2200-ஆல் பெருக்கினால் அது அதிகபட்சம் போகக்கூடிய கஜம் வரும். பழைய வேட்டைக்காரர் கணக்கு. அதன்படி எல்ஜி சுமார் 700 மீட்டர் போகும். பிபி 300-ஐ ஒட்டி விழுந்துவிடும். 6-ஆம் எண் 200. உங்கள் வாசலிலிருந்து 700 மீட்டருக்குள் எத்தனை சாளை, எத்தனை கட்டுத்தறி, எத்தனை பேர் கயிற்றுக் கட்டிலில் வெளியே படுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரவில் நெடுஞ்சாலை ஓரம் லாரியை நிறுத்திவிட்டுத் தூங்குகிற டிரைவரையும் சேர்த்து.

சுவர் விஷயமும் இதுதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எதையும் நிறுத்தும். ஆனால் இப்போது கட்டுகிற வீட்டில் முன்பகுதி தகரக் கதவு, பக்கத்தில் சிமெண்ட் அட்டைக் கொட்டகை, பின்னால் பிளைவுட் கதவு போட்ட அறை. எல்ஜிக்கு இவையெல்லாம் பொருட்டே அல்ல. பகலில் ஒருமுறை, துப்பாக்கி இல்லாமல், நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் நின்று ஒவ்வொரு திசைக்கும் பின்னால் யார் படுக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். பேத்தி படுக்கும் அறைப்பக்கம் சுடுவதில்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட வேண்டும். எனக்குப் பிடித்தது பிபி. மயில், பன்றிக்கென்று எதையும் சேர்த்து வாங்காதீர்கள். தற்காப்பு உரிமம் அதற்கில்லை, மயில் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

ஒற்றைக்குண்டுத் தோட்டாவும் வேண்டாம். இரட்டைக்குழலில் இடது குழல் பெரும்பாலும் வாயில் ஒடுங்கியிருக்கும். சில பழைய குழல்களில் குண்டு போடக்கூடாது என்று இங்கிலீஷில் பொறித்தே இருக்கும்.

உப்புக்குண்டு பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. மாந்தோப்புத் திருடனுக்கு உப்பு போட்டுச் சுட்ட கதை எல்லா ஊரிலும் ஒரு தாத்தாவிடம் இருக்கும். தோட்டாவைப் பிரித்து ரவையைக் கொட்டிவிட்டு வேறு எதையாவது அடைப்பது ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவோடு விளையாடுவது. மருந்துக்கும் பளுவுக்கும் உள்ள கணக்கையும் கெடுப்பது. விட்டுவிடுங்கள். பயமுறுத்த வானத்தில் சுடுவதும் அப்படியே. மேலே போனது கீழே வரும். பிறர் உயிருக்கு ஆபத்தாக அலட்சியமாகச் சுட்டால் 2019 முதல் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் தற்காப்பு உரிமை பாரதிய நியாய சம்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. இருட்டில் வீடு உடைத்து நுழைவதும் கொள்ளையும் 41-இல் வருகின்றன. ஆனால் 37, தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்கிறது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை என்கிறது. தேங்காய் எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு 41-ஐக் காட்ட முடியாது. முதலில் கதவை அடைத்து 112-ஐ அழையுங்கள்.

வைக்கும் முறை எளிது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், சாவி உங்கள் இடுப்பில். தோட்டா டப்பாவைக் களத்துக் கொட்டகையிலோ உர மூட்டை பக்கத்திலோ வைக்காதீர்கள். பித்தளை அடி பச்சை பூத்ததையும், உறை ஊதியதையும் உபயோகிக்க வேண்டாம். உரிமம் பெற்ற கடையில் கொடுத்துக் கணக்கு முடித்துவிடுங்கள். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே மடிக்காதீர்கள்; குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிஷம் பொறுங்கள்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். கொடுக்கும்போது ரசீதில் துப்பாக்கி எண்ணோடு தோட்டா எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே நின்று எண்ணி, 65-தானா என்று டப்பாவையும் படித்துவிட்டு வாருங்கள்.