வன்னீரும் இல்லறமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பேராறு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இன்மையின், ஆங்கு வாழ்வார்க்குக் கிணறே உயிர்நிலை. அக்கிணறுகள் அகழப்பட்ட நிலமோ சுண்ணக்கற் பாறை. மழைநீர் மண்ணினூடு இறங்குங்கால் கரியமிலவாயுவைத் தன்னுட் கொண்டு, சிறிது புளிப்புத்தன்மை எய்தி, அப்பாறையை மெல்லக் கரைத்துக்கொண்டு ஊற்றை அடைகின்றது. இங்ஙனம் கல்சியம், மகனீசியம் என்பவற்றின் உப்புக்கள் மிகுந்த நீரை வன்னீர் என்பர். சுண்ணக்கல்லின் அளவாகக் கணிக்குமிடத்து, ஒரு லீற்றரில் 60 மில்லிகிராமுக்கு உட்பட்டது மென்னீர். 180க்கு மேற்பட்டது மிக்க வன்னீர்.

சவுக்காரம் நுரையாதவிடத்து இல்லத்தார் கடைக்காரரை நோவர். பிழை அவர்பாலதன்று. கல்சியம் சவுக்காரத்தோடு கூடித் திரைந்த பால்போலக் கரையாப் பொருளாய் மாற, அவ்வுப்பு முற்றும் தீர்ந்த பின்னரே நுரை தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். 300 மில்லிகிராம் வன்மையுடைய நீர், லீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 1.8 கிராம் சவுக்காரத்தை வீணே விழுங்கும். 20 லீற்றர் கொள்ளும் வாளியில் 36 கிராம் இவ்வாறே போம்! அதே வாளியில் 17 கிராம் சலவைச்சோடாப் பளிங்கை முன்னரே கரைத்துச் சிறிதுநேரம் விட்டு வைப்பின், இந்நட்டம் பெரும்பாலும் ஒழியும். பட்டுக்கும் கம்பளிக்கும் மாத்திரம் சோடா ஆகாது. படிகாரம் இடுவாரும் உளர். அது கலங்கலைத் தெளிவிக்குமேயன்றி வன்மையை நீக்காது.

வன்மை இருவகைத்து. கரியமிலவாயுவின் துணையாற் கரைந்து நிற்குஞ் சுண்ணம், நீர் கொதித்தவுடன் அவ்வாயு நீங்கப் படிந்துவிடும். கேத்தலின் அடியிற் கல்போற் பிடிப்பது இதுவே; வினாகிரி வார்த்து இளஞ்சூடாக்கின் நுரைத்துக் கரையும். கந்தகாமிலம் முதலியவற்றோடு கூடிய உப்புக்களோ கொதிப்புக்கு அஞ்சா. அவற்றுக்குச் சோடாவே வேண்டும். முதல்வகை வன்மையை நீற்றுச் சுண்ணாம்பு இட்டே போக்கலாமென்று 1841ஆம் ஆண்டில் அபர்டீன் நகரத்து இரசாயனப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் என்பார் காட்டினார். சுண்ணத்தைச் சுண்ணத்தால் நீக்குவது விந்தையன்றோ? இட்ட சுண்ணாம்பு அவ்வாயுவைக் கவர்ந்துகொள்ள, இரண்டும் ஒருங்கே படிகின்றன. அளவு தப்பின் நீர் காரமாகுமாதலின், அம்முறை பெருந்தொட்டிகளுக்கன்றி வீட்டுக்கு ஏலாது.

பருப்பும் பயறும் வன்னீரில் எளிதில் வேகா; கல்சியம் அவற்றின் கலச்சுவரை இறுகச் செய்வதே காரணம். கொதித்தாறித் தெளிந்த நீரில் ஊறவைத்து வேகவைத்தல் நன்று. அப்பச்சோடா மிகின் சுவை கெடுவதோடு தயமின் என்னும் உயிர்ச்சத்தும் அழியும்.

இனி, கேத்தலிற் படியுஞ் சுண்ணத்தைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். அஞ்சவேண்டியது வேறொன்று. சுண்ணப்பாறை வெடிப்பும் துளையும் உடையதாதலின், தோட்டத்து உரங்களினின்றும் மலக்குழிகளினின்றும் வரும் நைத்திரேற்று என்னும் உப்பு அதனூடு விரைந்து இறங்குகின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது மிகுந்துள்ளமை ஆய்வுகளாற் கண்ட உண்மை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கேத்தலிலும் படியாது. கொதிக்கவைப்பிற் கிருமிகள் இறக்கும்; நைத்திரேற்றோ நீர் வற்ற வற்றச் செறிவு மிகும். அந்நீரிற் கரைத்த மாப்பாலை உண்ணும் பச்சிளங் குழந்தையின் குருதி, உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழத்தல் கூடும். அத்தகைய குழந்தையுள்ள வீட்டார் கிணற்றுநீரைப் பரிசோதிப்பித்து, லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படின், பாலுக்கு வேறு நீர் தேடுக.