தப்பு எங்கே உட்கார வேண்டும்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். புது சேஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. மேலே செயின் பிளாக்கில் ஜீப்பின் பாடி தொங்குகிறது. முன்பக்க போல்ட்கள் இறங்கிவிட்டன. பின்பக்கம் இரண்டு ஓட்டைகள் மட்டும் மூன்று நூல் தள்ளி நிற்கின்றன. “ஓட்டையக் கொஞ்சம் இழுத்து விட்டா உக்காந்துரும், சரிதானண்ணே?” என்று கேட்டிருக்கிறாய்.

படத்தின் ஓரத்தில் கேஸ் கட்டரின் ஹோஸ் ஏற்கெனவே சிலிண்டரில் மாட்டியிருக்கிறது. ஆக, நீ என்னிடம் கேட்டது யோசனை இல்லை, அனுமதி. அதைத் தர மாட்டேன். ஹோஸைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு இதைப் படி. உன்னைப் போல இன்னும் பத்துப் பேர் இதே இடத்தில் முழித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

புது சேஸ் பொருந்தாவிட்டால் எல்லோரும் முதலில் சேஸ் அடித்தவனைத் திட்டுவார்கள். பொருந்தவில்லை என்பது இரண்டு பேருக்குள் நடக்கிற தகராறு தம்பி. யார் பக்கம் தப்பு என்று விசாரிக்காமல் ஒருத்தனை மட்டும் அடித்தால் அது பஞ்சாயத்தா? உன் பாடிக்கு நாற்பது வயது இருக்கும். அத்தனை வருஷமும் தொய்ந்துபோன பழைய சேஸின் மேல் உட்கார்ந்து, அதன் கோணலைத் தன் கோணலாக்கிக்கொண்டிருக்கும். காலைச் சாய்த்துச் சாய்த்தே நடந்து பழகியவனுக்குப் புதுச் செருப்பு கடிக்காமல் என்ன செய்யும்?

பாடியைக் கழற்றும்போது எந்த மூலையில் எத்தனை வாஷர், எத்தனை ரப்பர் இருந்தது என்று எழுதி வைத்தாயா? ஒரே மூலையில் நான்கு வாஷர் அடுக்கியிருந்தால், உனக்கு முன்னால் எவரோ ஒரு மெக்கானிக் இதே தகராறைப் பேசித் தீர்த்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த வாஷர்களைக் குப்பையில் போட்டுவிடாதே. அவை சாட்சிகள்.

அதற்கும் முன்னால், வந்திருப்பது உன் வண்டிக்கு உரிய சேஸ்தானா என்று பார். சிஜே-3பி ஜீப்பின் வீல்பேஸ் 80 அங்குலம். அதற்கு அடுத்து அமெரிக்காவில் வந்த சிஜே-5க்கு 81. ஒரு அங்குல வித்தியாசம் கண்ணுக்குப் படாது, டேப்புக்குத்தான் படும். இரண்டாம் உலகப் போர் காலத்தில் ஒரே ஜீப்பை வில்லிஸும் ஃபோர்டும் செய்தார்கள். ஒருவர் உதிரி மற்றவர் வண்டியில் ஏற வேண்டும் என்பது ராணுவத்தின் கணக்கு. அப்படியும் சேஸின் முன் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாகவும், ஃபோர்டில் கவிழ்த்த ‘ப’ போலவும் இருக்கும். பெரிய தொழிற்சாலைகளின் கதையே இப்படி என்றால், சின்னப் பட்டறையில் தகடு மடித்து அடித்த சேஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது விசாரணை. பாடியை இறக்கித் தள்ளி வை. வெறும் சேஸை நான்கு ஸ்டாண்டில் நிறுத்து, முழுக்க நிழலில். மூன்று மீட்டர் நீள இரும்பு 25 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். ஒரு சட்டம் வெயிலிலும் மறு சட்டம் நிழலிலும் கிடந்தால் காலையில் ஒரு பேச்சு, மதியம் ஒரு பேச்சு என்று பேசும்.

பக்கத்தில் வீடு கட்டுகிற கொத்தனாரிடம் டியூப் லெவல் இரவல் வாங்கு. மூன்று மூலைகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவா. மூன்று பேர் எப்போதும் ஒத்துப்போய்விடுவார்கள். நான்காவது ஆள்தான் உண்மையைச் சொல்வான். அவன் எவ்வளவு உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கிறானோ, அதுதான் உன் சேஸில் இருக்கிற முறுக்கு.

அடுத்தது தூக்குக்குண்டு. முன் கமான் பட்டை மாட்டுகிற கண் இரண்டு, பின் கமான் பட்டை மாட்டுகிற கண் இரண்டு. நான்கின் நடுவிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் தரையில் சுண்ணாம்பால் புள்ளி வை. பிறகு சேஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிடு. தரையில் மிஞ்சி இருக்கிறதே, அதுதான் சேஸின் ஜாதகம். இரும்பு குறுக்கே நிற்காததால் டேப்பை எந்தப் பக்கமும் தாராளமாக இழுக்கலாம்.

குறுக்களவு இரண்டையும் எடு. ஒரு பக்கச் சட்டம் மற்றதைவிட இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், முன்னால் நகர்ந்திருக்கிறது என்று வை. நீளவாக்கில் அளந்தால் தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே நீளம்தான் காட்டும். உன் சேஸ் அளவுக்கு மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்தால் இரண்டு குறுக்களவுக்கும் நடுவில் கிட்டத்தட்ட நான்கு நூல் வித்தியாசம் வரும். ஒளிந்திருக்கிற தப்பை இரட்டிப்பாக்கிக் காட்டுகிற அளவு அது ஒன்றுதான். பாடியின் அடியிலுள்ள போல்ட் ஓட்டைகளுக்கும் இதையே செய். எந்த ஜாதகத்தில் குறுக்களவு ஒத்துப்போகவில்லையோ அவன்தான் குற்றவாளி.

இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்கு என் சொந்த அவமானம் ஒன்று காரணம். எனக்கு உன் வயது இருக்கும்போது, போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஒன்றுக்குச் சேஸ் மாற்றினேன். உனக்கு வந்த அதே வியாதி, பின் போல்ட் இரண்டும் உட்காரவில்லை. ஓட்டையை கேஸில் இழுத்தேன். கடப்பாரையை நெம்பி, செயின் போட்டுக் கீழே இழுத்து, நட்டை முடுக்கினேன். உட்கார்ந்தது. என் மேஸ்திரி ஊரில் இல்லாத நாளில் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. தினமும் ஏறி இறங்குகிற வண்டி மூன்றாம் மாதம் திரும்பி வந்தது. முன் கண்ணாடியின் இடது மூலையில் முடி மாதிரி ஒரு விரிசல். கல் பட்டிருக்கும் என்று சொல்லிக் கண்ணாடியை மாற்றினேன். அடுத்த மாதம் அதே மூலை, அதே விரிசல்.

மேஸ்திரி கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. வண்டியின் பின்னால் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, “இந்த ரெண்டு நட்டத் தளத்து” என்றார். தளர்த்தினேன். கடைசிப் புரி விட்டதும் டங்கென்று ஒரு சத்தம். பாடி துள்ளி எழுந்து சேஸுக்கு மேலே அரை விரல்கடை விலகி நின்றது. அதே நொடியில் முன்னால் கண்ணாடிச் சட்டத்தின் கொக்கி தானாக நேரானது. அவர் சொன்னது இவ்வளவுதான்: “தப்ப நீ தீக்கலடா. பின்னாலருந்து முன்னால மாத்தி வச்சிருக்க. பின்னாலயே விட்டிருந்தா ரெண்டு வாஷர் தாங்கியிருக்கும். முன்னால கண்ணாடி தாங்குது.”

தம்பி, நான் உனக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் அதில் இருக்கிறது. கட்டாயப்படுத்தி உட்கார வைத்த இரும்பில் தப்பு அழிவதில்லை, இடம் மாறிக்கொள்கிறது. அது எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் நம் தொழில்.

சில இடங்களில் உட்காரலாம். பாடிக்கும் சேஸுக்கும் நடுவிலுள்ள ரப்பரும் வாஷரும் அதற்காகவே இருக்கின்றன. பாடி பிராக்கெட்டை வெட்டி நகர்த்தி வைக்கலாம். பழைய ஓட்டையை அடைத்துவிட்டு, டிரில்லில் சுத்தமாகப் புது ஓட்டை போடலாம். பம்பர், மட்கார்டு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆனால் எதிலும் ஓட்டையை கேஸில் இழுக்காதே. கருகிய விளிம்பில்தான் விரிசல் பிறக்கும், நீண்ட ஓட்டையில் போல்ட் நடக்க ஆரம்பிக்கும்.

சில இடங்களில் உட்காரவே கூடாது. கமான் பட்டையின் கண் இரண்டு நூல் தள்ளிப் போனால் அச்சு கோணும். வண்டி நண்டு நடை நடக்கும், டயர் ஒரு பக்கமாகத் தின்னும். ஸ்டியரிங் பாக்ஸ் தள்ளி நின்றால், அதன் ராடை பாடி ஓட்டைக்குள் வளைத்துத்தான் நுழைக்க வேண்டியிருக்கும். திருப்பத்தில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. மலைப்பாதையில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். எஞ்சின் மவுண்ட் கோணினால் புரொபெல்லர் ஷாஃப்ட் அதிர்ந்தே காட்டிக்கொடுக்கும். நீளச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடாதே, குறுக்காக வெல்டும் வைக்காதே. பாரம் ஏறும்போது ஒரு விளிம்பு நசுங்கும், மறு விளிம்பு இழுபடும். வளைகிற சுமையெல்லாம் அந்த இரண்டு விளிம்பிலும்தான், நடுத் தகட்டுக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

தீர்ப்பு சேஸுக்கு எதிராக வந்தால், முறுக்கு இருக்கிறது, குறுக்களவு ஒத்துப்போகவில்லை என்றால், உன் பட்டறையில் நிமிர்த்தப் பார்க்காதே. அளவைத் தாளில் எழுதி, படத்தோடு விற்றவரிடம் திருப்பிக் கொடு. அதனால்தான் எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்க்கும்வரை பெயின்ட் அடிக்காதே, புது ஓட்டை போடாதே என்கிறேன். நீ கை வைத்த சரக்கை யார் திரும்ப எடுப்பார்கள்? தீர்ப்பு பாடிக்கு எதிராக வந்தால் டிங்கரிங் ஆளைக் கூப்பிடு. பாடியின் அடிச் சட்டத்தின் ஒட்டைப் பிரித்து, நேராக்கி, மறுபடி ஒட்டட்டும். இரண்டு நாள் வேலை கூடும். வண்டிக்காரரிடம் தரையிலுள்ள புள்ளிகளைக் காட்டிச் சொல், புரிந்துகொள்வார்.

இன்னொன்று. பழைய சேஸின் நம்பர் பட்டையை வெட்டிப் புதியதில் ஒட்டித் தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடு. சேஸ் மாற்றுவது ஆர்.சி. புத்தகத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். வண்டிக்காரரிடம், வாங்கிய பில்லோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறையாக அனுமதி வாங்கச் சொல். அங்கே ஒளித்து வைக்கிற தப்பை எந்த வாஷரும் தாங்காது.

நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் அளந்து முடி. சுண்ணாம்புப் புள்ளிகள் காலில் மிதிபட்டு அழியுமுன் ஒரு படம் எடுத்து அனுப்பு. சேஸ் படம் வேண்டாம், பாடி படமும் வேண்டாம். தரையின் படம் போதும்.

அன்புடன்,
உன் அண்ணன்