அச்சம் உறையும் இடம்

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் நீலி கதையை மாணவர் கேட்டிருப்பர். பேய்க்கு அஞ்சி நடுங்கிய வணிகன் கூற்றை ஊரார் நம்பினாரல்லர். கணவன் மனைவி பிணக்கென்றே எண்ணினர். பேய் உண்டோ இல்லையோ, அச்சம் உண்டு. அஞ்சியவன் பிறரோடு கூடாது ஒதுங்குவான். நண்பன் சொல்லையும் ஐயுறுவான். காண்போர் அதனைச் செருக்கென்பர்!

அச்சம் தோன்றியவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்களைக் குருதியிற் கலக்கின்றன. அவை மூளையையும் சென்றடையும். சிறுபொழுதாயின் நன்றே, புலி துரத்தின் ஓடவேண்டுமன்றோ? நெடுநாள் நீடிப்பின் நிகழ்வது வேறு.

பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி என்பாரும் அவர்தம் குழுவினரும் எலிகளை நாள்தோறும் 2 மணி நேரம், 10 நாள்கள் அசையவொட்டாது அடக்கிவைத்து ஆராய்ந்தனர். நினைவுக்குரிய பகுதியாகிய ஹிப்போகாம்பசில் நரம்பணுக்களின் கிளைகள் குறுகின. அச்சத்துக்குரிய அமிக்டலாவிலோ அவை தழைத்து நீண்டன. இம்முடிவு 2002-இல் வெளிவந்தது. எலியிற் கண்டதனை மனிதர்க்கு அப்படியே ஏற்றிக் கூறல் ஆகாது. ஆயினும் 2004-இல் வெளியிட்ட செய்தி நம் சிந்தனைக்குரியது: துன்பம் நீக்கி 21 நாள்கள் வாளா விட்டபின்பும் அமிக்டலாவின் கிளைகள் குறுகவில்லை, அவ்வெலிகள் சுவரில்லாத திறந்த பாதையில் அடியெடுத்து வைக்க இன்னும் தயங்கின.