95 வீதமா, 98 வீதமா? காஸ் பேர்னஸ் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் பேஸ்மென்ற் மூலையில் நிற்கும் பேர்னஸைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் அது நின்றுபோன அன்றைக்குத்தான். ஜனவரிக் குளிரில் வீடு விறைக்கும்போது பேரம் பேச மனம் வராது. "இது 98 வீதம், அது 95 தான்" என்று வந்தவர் சொன்னால், கூடிய இலக்கத்துக்குத் தலையாட்டி ஒப்பம் வைத்துவிடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்று விற்கப்படும் புதுப் பேர்னஸ்களுக்கிடையே வினைத்திறனில் உள்ள வித்தியாசம் சிறியது. உங்கள் வீட்டுக்கு ஏற்ற அளவில் வாங்கினீர்களா, ஒழுங்காகப் பொருத்தினார்களா என்பவற்றால் வரும் வித்தியாசம் பெரியது. முதலாவதை லேபலில் வாசிக்கலாம். மற்றதை நாம்தான் அளந்து பார்க்கவேண்டும். அதற்கு ஒரு காஸ் பில்லும் ஒரு மணிக்கூடும் பெரும்பாலும் போதும்.

லேபலில் உள்ள இலக்கம்

வட அமெரிக்காவில் காஸ் பேர்னஸ்களை ஒப்பிடப் பாவிக்கும் அளவுக்குப் பெயர் ஏ.எஃப்.யூ.ஈ. ஓர் ஆண்டு முழுவதும் எரிக்கும் காஸில் உள்ள வெப்பத்தில் எத்தனை வீதம் வீட்டுக்குக் கிடைக்கிறது, எத்தனை வீதம் புகையோடு வெளியே போகிறது என்ற கணக்கு இது. இயந்திரம் பற்றிக்கொள்ளும்போதும் அணையும்போதும் வீணாவதும் இதில் சேரும். பேர்னஸின் உள்தகட்டில் மணித்தியாலத்துக்கு எத்தனை பி.ரி.யு. (வெப்ப அலகு) என்று 'இன்புட்', 'அவுட்புட்' என இரண்டு எண்கள் இருக்கும். அவுட்புட்டை இன்புட்டால் வகுத்தால் வருவது, தொடர்ந்து ஓடும் நேரத்தில் உள்ள வினைத்திறன். இந்த இரண்டு வினைத்திறன் எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும், கடையில் ஒப்பிட வேண்டியது ஏ.எஃப்.யூ.ஈ.யைத்தான்.

உங்களிடம் இப்போது இருப்பது எந்தத் தலைமுறை என்பதை லேபல் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். பைலற் சுடர் எப்போதும் எரிந்துகொண்டு, புகை தானாகச் செங்கற் புகைபோக்கியால் மேலே போனால் அது பழையது. 55 முதல் 70 வீதம். பைலற் இல்லாமல், சிறு விசிறி ஒன்று புகையை இழுத்து உலோகக் குழாயில் தள்ளினால் 80 வீதம் அளவில் இருக்கும். வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் சுவரால் வெளியே போய், கீழே மெல்லிய குழாய் ஒன்றில் தண்ணீர் வடிந்தால் அது 90க்கு மேல்.

அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கன மீற்றர் காஸ் எரியும்போது ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பழைய பேர்னஸில் அந்த ஆவி, தன்னிடமுள்ள வெப்பத்தோடு புகைபோக்கியால் போய்விடும். புதியதில் இரண்டாவது வெப்பமாற்றி ஒன்று புகையை நன்றாகக் குளிர்விப்பதால் ஆவி தண்ணீராகி, அதிலிருந்த வெப்பம் வீட்டுக்கே திரும்புகிறது. 80க்கும் 95க்கும் இடையிலான பாய்ச்சலின் பெரும்பங்கு இதுதான். கடுங்குளிரில் பேர்னஸ் நெடுநேரம் ஓடியும் அந்த வடிகுழாயில் சொட்டு இல்லையென்றால், 95 என்று லேபல் சொன்னாலும் ஏதோ பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

கனடாவின் மத்திய அரசு ஒழுங்குவிதியின்படி வீட்டுக் காஸ் பேர்னஸ்களின் குறைந்தபட்ச வரம்பு 2009 இறுதியில் 90 வீதமானது. 2019 ஜூலையில் 95 வீதமானது. ஆகவே இன்று புதிதாக வாங்குபவர் தெரிவு செய்வது 95க்கும் 98க்கும் இடையில்தான்.

ஜேர்மனியில் இருக்கும் உறவினர் தன் கொதிகலன் 107 வீதம் என்று சொன்னால் குழம்பவேண்டாம். ஐரோப்பாவில் நீண்டகாலம் நீராவியின் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் எரிபொருளை அளந்தார்கள். அந்த இலக்கத்தை 1.11ஆல் வகுத்தால் நம் கணக்குக்கு வரும்: ஏறத்தாழ 96.

மூன்று வீதம் எவ்வளவு காசு?

சூடாக்க மட்டும் 95 வீதப் பேர்னஸில் ஆண்டுக்கு 2,000 கன மீற்றர் காஸ் எரிக்கும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே வீடு மற்றப் பேர்னஸ்களில் எரிப்பது:

- 60 வீதம்: சுமார் 3,170 கன மீற்றர்
- 80 வீதம்: 2,375 கன மீற்றர்
- 95 வீதம்: 2,000 கன மீற்றர்
- 98 வீதம்: சுமார் 1,940 கன மீற்றர்

கன மீற்றருக்கு 50 சதம் என்று வைத்தால், 60இலிருந்து 95க்குப் போனவருக்கு ஆண்டுக்கு 580 டொலருக்கு மேல் மிச்சம். 80இலிருந்து போனவருக்கு 190 டொலர் அளவில். 95க்குப் பதிலாக 98 வாங்கியவருக்கு 30 டொலர். 98க்காக 1,500 டொலர் கூடக் கேட்டால், அந்தக் காசு திரும்பிவர 50 ஆண்டு ஆகும். பேர்னஸ் அவ்வளவு காலம் இருக்காது. உங்கள் பில்லில் உள்ள விலையை, விநியோகக் கட்டணமும் வரியும் சேர்த்துப் போட்டு, இதே கணக்கை நீங்களே செய்து பாருங்கள்.

அந்த இலக்கம் சொல்லாதவை

ஏ.எஃப்.யூ.ஈ. ஆய்வுகூடத்தில் இயந்திரத்தை மட்டும் அளக்கிறது. காற்றைத் தள்ளும் விசிறியின் மின்சாரம் அதில் இல்லை. பழைய வகை மோட்டார் 500 வாற் வரை இழுக்கும். காற்று சுழலட்டும் என்று நாள் முழுக்க விசிறியை ஓடவிட்டால் 12 யூனிற் மின்சாரம் போகும்.

காற்றுக் குழாய்களில் கசியும் வெப்பமும் அந்த இலக்கத்தில் இல்லை. குழாய்கள் பேஸ்மென்றுக்குள் ஓடினால் கசிவது வீட்டுக்குள்ளேயே நிற்கும். கராஜ் வழியாகவோ கூரைக்குக் கீழோ ஓடினால் காசு வெளியே போகிறது. வீட்டுச் சுவரும் ஜன்னலும் எவ்வளவு வெப்பத்தை விடுகின்றன என்பதும் பேர்னஸுக்குத் தெரியாத விடயம்.

வீட்டிலேயே அளக்க மூன்று வழி

முதலாவது, பில்லை வைத்து. உங்கள் பேர்னஸும் வீடும் சேர்ந்து எப்படி நடக்கின்றன என்று அறிய இதுவே நல்ல அளவு. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 பாகையிலிருந்து எவ்வளவு குறைவோ, அதுவே அன்றைய 'சூடாக்கல் பாகை-நாள்'. சராசரி −6 என்றால் 24. கனடியச் சுற்றாடல் அமைச்சின் காலநிலைப் பதிவுகளில் நாள்வாரியாக இது கிடைக்கிறது. 30 நாள் பில் ஒன்றில் 400 கன மீற்றர் என்று வையுங்கள். கோடையில் சுடுதண்ணீருக்கும் அடுப்புக்கும் மாதம் 50 போகிறது என்றால், சூடாக்கப் போனது 350. அந்த 30 நாளில் 720 பாகை-நாள் சேர்ந்திருந்தால், ஒரு பாகை-நாளுக்கு 0.49 கன மீற்றர். 80 வீதப் பேர்னஸை மாற்றி 95 போட்டால் இந்த எண் 16 வீதம் குறைந்து 0.41க்கு வரவேண்டும். வரவில்லையென்றால் பொருத்தியவரைக் கூப்பிட உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. ஒரு கவனம்: சில மாதங்களில் மீற்றரை வாசிக்காமல் மதிப்பிட்டு பில் அனுப்புவார்கள். உண்மையாக வாசித்த இரண்டு திகதிகளுக்கு இடையிலான பாவனையை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது, மீற்றரை மணிக்கூட்டோடு பார்த்து. அடுப்பையும் தண்ணீர்ச் சூடாக்கியையும் நிறுத்திவிட்டு பேர்னஸை மட்டும் ஓடவிடுங்கள். ஒரு கன மீற்றர் காஸில் ஏறத்தாழ 36,000 பி.ரி.யு. வெப்பம் உண்டு. 60,000 இன்புட் பேர்னஸ் ஒரு கன மீற்றரை 36 நிமிடத்தில் எரிக்கவேண்டும். வெகுவாகக் கூடவோ குறையவோ இருந்தால் காஸ் அழுத்தம் சரியாக வைக்கப்படாமல் இருக்கலாம். இந்த அளவு வினைத்திறனைச் சொல்லாது. இயந்திரம் தகட்டில் உள்ளபடி எரிகிறதா என்று சொல்லும்.

மூன்றாவதும் மிக முக்கியமானதும், குளிர்ந்த இரவில் அது ஓடும் நேரம். ரொறன்ரோவில் பேர்னஸின் அளவைத் தீர்மானிக்க −20 பாகை அளவில் ஓர் இரவைக் கணக்கில் எடுப்பார்கள். அப்படி ஓர் இரவில், தேர்மோஸ்ராற்றைத் தொடாமல், ஒரு மணித்தியாலத்தில் பேர்னஸ் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறியுங்கள். புதுவகைத் தேர்மோஸ்ராற்றுகள் அதைத் தாமே பதிந்து வைக்கும். 80,000 அவுட்புட் உள்ள பேர்னஸ் 25 நிமிடம் ஓடினால், வீட்டுக்குத் தேவை 33,000 சொச்சம். வருகிறவர் "பழையது போலவே 80,000 போடுவம்" என்றால், தேவையின் இரண்டரை மடங்கை விற்கப் பார்க்கிறார். அளவு மிஞ்சிய பேர்னஸ் அடிக்கடி பற்றி அடிக்கடி அணையும்; மேல்மாடி அறை குளிரும்; பாகங்கள் சீக்கிரம் தேயும்.

இவற்றோடு தொழில்நுட்பவியலாளர் செய்யும் ஒரு சோதனையும் உண்டு. புகைக்குழாயில் கருவியைச் செருகி ஒட்சிசன், காபனோரொட்சைட்டு, புகையின் வெப்பநிலை ஆகியவற்றை அளப்பார். எரிதல் சரியா, பாதுகாப்பா என்று சொல்வதில் இதற்கு நிகர் இல்லை. அந்த அச்சுத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவது?

ஒற்றைக் கட்ட 95–96 வீதப் பேர்னஸ் ஒரே வேகத்தில் எரியும். விலை குறைவு, திருத்துவது சுலபம். வரிசை வீட்டுக்கும் சிறிய வீட்டுக்கும், அளவு சரியாக இருந்தால் இது தாராளமாகப் போதும்.

இரண்டு கட்டப் பேர்னஸ் பெரும்பாலான நாட்களில் குறைந்த சுடரில் நீண்டநேரம் ஓடி, கடுங்குளிரில் மட்டும் முழுமூச்சாக எரியும். காஸ் மிச்சம் பெரிதல்ல. வீடு முழுக்க ஒரே சீராகச் சூடு இருப்பதும் சத்தம் குறைவதும்தான் லாபம். இரண்டு மாடி வீட்டில் மேலே குளிர், கீழே புழுக்கம் என்று அவதிப்படுகிறவர்களுக்கு என் தெரிவு இதுவே.

சுடரைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் 97–98 வீதப் பேர்னஸ் சொகுசானது. ஆனால் அதன் மின்னணுப் பலகை பழுதானால் செலவு கூட. 30 டொலர் மிச்சத்துக்காக இதை வாங்கவேண்டாம்.

காஸ் ஃபயர்பிளேஸை வேறு கணக்கில் பார்க்கவேண்டும். அதற்கு ஏ.எஃப்.யூ.ஈ. இல்லை, கனடியத் தர நிர்ணய அமைப்பான சி.எஸ்.ஏ.யின் பி.4.1 தரப்படி அளந்த 'ஃபயர்பிளேஸ் வினைத்திறன்' எண்ணைக் கேளுங்கள். அது பேர்னஸுக்கு அருகில் வராது. ஒருவர் இருக்கும் ஓர் அறையை மட்டும் சூடாக்கி மற்ற அறைகளைக் குளிரவிட்டால் பிரயோசனம் உண்டு. எப்போதும் எரியும் பைலற் இருந்தால் கோடையில் அணைத்துவிடுங்கள். மணிக்கு 1,000 பி.ரி.யு. எரிக்கும் பைலற் மாதம் 20 கன மீற்றரைச் சும்மா தின்னும்.

ஏசியும் பழசாகிவிட்டதென்றால் இன்னொரு வழி உண்டு. ஏசிக்குப் பதில் ஹீற் பம்ப் ஒன்றைப் போட்டு, ஒற்றைக் கட்டப் பேர்னஸைத் துணைக்கு வைக்கலாம். மிதமான குளிரில் ஹீற் பம்ப் வாங்கும் மின்சாரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். கடுங்குளிரில் பேர்னஸ் பொறுப்பெடுக்கும். 98 வீதப் பேர்னஸுக்குப் போகும் மேலதிகக் காசுக்கு இது நல்ல மாற்று.

ஒப்பம் வைக்க முன்னர்

- சி.எஸ்.ஏ. எஃப்280 தரப்படி வெப்ப இழப்புக் கணக்குப் போட்டீர்களா என்று கேளுங்கள். சதுர அடியை மட்டும் கேட்டு அளவு சொல்பவரை நம்பவேண்டாம்.
- ஒன்ராறியோவில் காஸ் வேலை செய்யும் நிறுவனம் ரி.எஸ்.எஸ்.ஏ. என்ற தொழில்நுட்பத் தர, பாதுகாப்பு அதிகாரசபையில் பதிவாகியிருக்கவேண்டும், வேலையாளிடம் காஸ் சான்றிதழ் இருக்கவேண்டும். இரண்டையும் காட்டச் சொல்லுங்கள்.
- பழைய பேர்னஸும் தண்ணீர்ச் சூடாக்கியும் ஒரே புகைபோக்கியைப் பாவித்திருந்தால், பேர்னஸ் விலகியபின் அந்தப் புகைபோக்கி சூடாக்கிக்குப் பெரிதாகிவிடும். புகை உள்ளே திரும்பாமல் இருக்க உள்குழாய் போடவேண்டுமா என்று கேளுங்கள்.
- பொருத்திய அன்றே, பேர்னஸால் வெளியே வரும் காற்றுக்கும் திரும்பும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். அது தகட்டில் குறித்த எல்லைக்குள் வரவேண்டும்.
- நீங்கள் அழைக்காமல் வாசலுக்கு வந்து பேர்னஸ் விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதும் ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை. கதவைத் தட்டினால் கதையை வளர்க்காதீர்கள்.
- வாடகை ஒப்பந்தத்தில் மாதக் கட்டணத்தைப் பார்க்காமல் மொத்தத்தைப் பாருங்கள். மாதம் 100 டொலர் என்றால் பத்து வருடத்தில் 12,000.

பேர்னஸ் 15 வயதைத் தாண்டியிருந்தால், அது நிற்கும்வரை காத்திராமல் இந்தக் குளிர்காலத்திலேயே ஓடும் நேரத்தையும் பில்லையும் குறித்து வையுங்கள். அந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு கோடையில் மூன்று இடங்களில் விலை கேளுங்கள். சரியான அளவில், நன்றாகப் பொருத்திய 95 வீதப் பேர்னஸ், அளவு மிஞ்சிய 98ஐ விட நல்லது. மிச்சப்படும் காசில் கூரைக்கும் ஜன்னல் இடுக்குகளுக்கும் காப்புப் போட்டால் பில் இன்னும் இறங்கும்.