சிந்திய எண்ணெய்க்கு யார் பொறுப்பு?

‘உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்’ என்பது பழமொழி. தவறு செய்தவரே அதன் பயனை ஏற்க வேண்டும் என்பது இதன் பொருள். ஆனால் பரந்த கடலைக் கெடுத்தவரை எந்த அளவுகோலால் அளந்து தண்டிப்பது? மெக்சிகோ வளைகுடாவில் நடந்த விபத்து ஒன்று இதனை விளக்குகிறது.

விபத்து

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை அடுத்த அக்கடலில், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில், பி.பி. நிறுவனம் எண்ணெய்க் கிணறு ஒன்றைத் தோண்டியது. ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்னும் மிதக்கும் மேடையிலிருந்து அதனைத் தற்காலிகமாக மூடும் வேலை நடந்தது. 2010 ஏப்ரல் 20ஆம் நாள் இரவு கிணற்றிலிருந்து பீறிட்ட எரிவாயு தீப்பற்றி வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டனர். இரண்டு நாட்களில் மேடை மூழ்கியது. எண்ணெய் 87 நாட்கள் கடலில் கலந்தது.

உயிர்களுக்கு நேர்ந்த கேடு

பறவையின் இறகு நீரை உள்ளே விடாமல் உடற்சூட்டைக் காக்கிறது. எண்ணெய் படிந்தால் இறகுகள் ஒட்டிக்கொள்கின்றன. பறவை குளிரால் வாடுகிறது. அலகால் இறகைக் கோதும்போது எண்ணெயையும் விழுங்குகிறது. கடலாமைகள் மடிந்தன, ஓங்கில்களுக்கு நுரையீரல் நோய் கண்டது. சதுப்புநிலப் புற்கள் பட்டுப்போகவே, அவற்றின் வேர்கள் பிடித்திருந்த கரைமண் கரைந்தது. வளைகுடாவில் அமெரிக்க நடுவண் அரசுக்கு உட்பட்ட கடற்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டதால் மீனவர்கள் பிழைப்பை இழந்தனர்.

சட்டம் கேட்ட இரு கேள்விகள்

1989இல் அலாஸ்காவில் ‘எக்சான் வால்டெஸ்’ கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிய பின்னர், 1990இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. தூய்மைப்படுத்தும் செலவையும் இழப்பீட்டையும் பொறுப்பாளியே ஏற்க வேண்டும் என்று அது கூறுகிறது. இதனுடன், நீர்த் தூய்மைச் சட்டப்படி அபராதமும் உண்டு. அது அப்போது பீப்பாய் ஒன்றுக்கு 1,100 டாலர் வரை. கடும் கவனக்குறைவு எனில் 4,300 டாலர் வரை. ஆகவே எவ்வளவு சிந்தியது, எவ்வளவு கவனக்குறைவு என்னும் இரு கேள்விகள் எழுந்தன.

தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்றனர். பின்னர் 5,000 என்றனர். அறிவியலார் கணித்தபோது 50,000க்கும் மேல் எனத் தெரிந்தது! கடலில் கலந்தது மொத்தம் 31.9 லட்சம் பீப்பாய் என 2015இல் நீதிமன்றம் முடிவு செய்தது. பீப்பாய் ஒன்று 159 லிட்டர் ஆகும்.

அடுத்தது கவனக்குறைவு. கிணறு நன்கு மூடப்பட்டதா என அறிய அன்று அழுத்தச் சோதனை நடந்தது. மூடியிருந்தால் அழுத்தம் ஏறக்கூடாது, ஆனால் ஏறியது. ஆயினும் சோதனை வெற்றி என்று கொண்டு வேலையைத் தொடர்ந்தனர். இது கடும் கவனக்குறைவே என 2014இல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2016இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பி.பி. தர இசைந்த தொகை ஏறத்தாழ 2,080 கோடி டாலர்.

நாம் அறிய வேண்டுவது

பதினொருவர் சாவுக்குத் தன் குற்றத்தை நிறுவனம் 2012இல் ஒப்புக்கொண்டது. எனினும் எவரும் சிறை செல்லவில்லை. பணம் கரையைச் சீராக்க உதவும், மாண்டவரை மீட்காது.

தோழியரே, சரியாக அளந்தவர்கள் இருந்ததாலேயே சட்டத்தால் தண்டிக்க முடிந்தது. அன்றிரவு அழுத்தமானி காட்டிய அளவை உள்ளபடி ஏற்றிருந்தால், தண்டிக்கும் தேவையே எழுந்திராது. ஆய்வுக்கூடத்தில் நாம் குறிக்கும் ஒவ்வோர் அளவையும் உண்மையாகக் குறிக்கப் பழகுவோம்.