வண்டி நீலப்புகை விடுதா? கடன் கேட்கும் முன் ஹெட்டைப் பாருங்க!



வியாபாரத்துக்கு 100 சிசி வண்டி வைத்திருக்கிறீர்களா? புகை வந்ததும் "ஃபுல் எஞ்சின் இறக்கணும்" என்பார்கள். உடனே உள்கடன் கேட்காதீங்க. முதலில் நாமே பார்ப்போம். (ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு மட்டும். பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் இந்த வால்வு கிடையாது.)

1. காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகைந்து, சற்று நேரத்தில் நின்றால் பெரும்பாலும் வால்வு சீல், கைடு தேய்மானம். ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங், போர் இரண்டையும் பார்க்கணும்.

2. ஹெட்டைக் கழற்றியதும் வால்வை ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நன்றாக ஆடினால் கைடு மாற்றணும். கைடு மாற்றினால் வால்வு உட்காரும் சீட்டையும் பட்டறையில் வெட்டிச் சரிசெய்யணும்.

3. சீட் லேசாகத் தேய்ந்திருந்தால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலே போதும். பேஸ்ட் துளியும் மிஞ்சாமல் கழுவணும். வால்வை மாட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். கசிந்தால் வேலை முடியவில்லை. பக்கத்தில் நெருப்பு கூடாது.

4. போரை 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுகிறீர்களா? தேய்ந்த ஹெட்டை அப்படியே மாட்டினால் கைடு வழியாக ஆயில் இறங்கும். பணமும் போகும், புகையும் நிற்காது.

5. கேஸ்கட் புதிது போட்டு, டேப்பெட் சரிபார்க்கணும். பழைய பாகங்களையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

கூட்டத்தில் பேச: போன முறை வண்டி வேலைக்கு என்ன பாகம் மாற்றினார்கள் என்று நமக்குத் தெரியுமா?